சத்தம் போடாத பெட்டி

தானியேலின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார் சாரம்மாள்.

“உங்க மாமா எந்நேரமும் ரேடியோ கேப்பாவன்னு சொன்னீங்களே பியூலா, அது எங்க?”

பியூலா தலையணையைத் தூக்கினாள். போர்வையை உதறினாள். “தலைமாட்டுலதான் இருக்கும் மேடம். இங்கனதான்...” குரல் பாதியில் நின்றது. “காணோமே.”

“கால்ல தேய்க்கிற தைலம்?”

அதுவும் இல்லை. சுவர் ஆணியில் எப்போதும் தொங்கும் துணிப்பையும் இல்லை. செல்போன் மட்டும் மேசையில் இருந்தது.

“அப்போ அவிய வழி தெரியாமத் தொலைஞ்சு போகல. கிளம்பிப் போயிருக்காவ. தொலைஞ்சு போற மனுசன் ரேடியோவ எடுத்துக்கிட்டா போவாரு?”

“எங்க மாமனாரு போவாரு அக்கா” என்றான் சதாம். “ரேடியோவ எடுத்துக்கிட்டு மாமியாரத் தொலைச்சிட்டு வருவாரு.”

சாரம்மாள் போலீஸில் ஏட்டாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். மேலப்பாளையத்துச் சதாம் அவருக்கு உதவியாளன். எந்த வீட்டு வாசலிலும் நின்று பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த வீட்டு ரகசியம் அவன் கைக்கு வந்துவிடும். அதே பத்து நிமிடத்தில் வீட்டுக்காரர்களுக்குக் கோபமும் வந்துவிடும்.

காணாமல் போன தானியேல், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை முழுவதும் போய்விட்டது. மனைவி இறந்த பிறகு மகன் கிங்ஸ்லியோடும் மருமகள் பியூலாவோடும் மகாராஜநகரில் இந்த வீட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை பியூலா பள்ளிக்கூட வேலை முடிந்து திரும்பியபோது வீடு சாத்தியிருந்தது. மாமனார் இல்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பரப்பினார்கள். இன்று வெள்ளிக்கிழமை. ஒரு தகவலும் இல்லாததால் பியூலா சாரம்மாளைத் தேடி வந்துவிட்டாள்.

கிங்ஸ்லி கதவு நிலையில் சாய்ந்து நின்றான். முகத்தில் சவரம் செய்யாத தாடி. பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. விடிந்ததிலிருந்து குறுக்குத்துறைப் படித்துறைகளில் ஆற்றுக்குள் இறங்கித் தேடிவிட்டு வந்திருந்தான்.

“நான் ஆபீஸ்ல இருந்தேன் மேடம்” என்றான். “ஒத்தையில விட்டுட்டுப் போனது என் தப்புதான்.”

சாரம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தார். யாரும் கேட்காமலேயே அவன் அதைச் சொன்னான். வாசலில் ஒரு தடவை சொன்னான், காபி கொடுத்தபோது ஒரு தடவை சொன்னான்.

“பக்கத்து ரூம் என்னது?”

“என் வேலை ரூம். அப்பா அங்கன வந்ததே இல்ல.”

“பாக்கலாமா?”

சின்ன அறை. ஹாலிலிருந்து ஒரு கதவு, பக்கத்துச் சந்துக்கு ஒரு கதவு. மேசை, நாற்காலி, திரை. மேசையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கனத்த உலோகப் பெட்டி. இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வரிவரியாகத் தகடுகள்.

சதாம் அதைத் தட்டிப் பார்த்தான். “அம்மிக்கல்லுக்கு எதுக்கு சார் வயர் போட்டிருக்கீங்க?”

“கம்ப்யூட்டர்” என்றான் கிங்ஸ்லி. “சத்தம் போடாத கம்ப்யூட்டர். நானே சேத்தேன்.”

முதல் முறையாக அவன் முகத்தில் உயிர் வந்தது. “சாதாரணக் கம்ப்யூட்டர்ல சூட்டைத் தணிக்க உள்ள ஃபேன் சுத்தும், அதான் இரைச்சல். இதுல ஃபேனே கிடையாது. செம்புக் குழாய் சூட்டை இழுத்து வெளிப்பக்கத் தகட்டுக்குக் கொண்டு வந்துரும், அது காத்துல ஆறிரும். சுத்துத ஹார்டு டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு பாகமா வரவழைச்சு, ராவெல்லாம் படிச்சு, தப்பாப் போட்டு, கழத்தி, மறுபடி போட்டு... பழசு புல்லட் மாதிரி உறுமும். இது ஓடுதான்னே தெரியாது.”

“எங்க வீட்டு மிக்ஸிய உங்ககிட்டத் தாரேன் சார்” என்றான் சதாம். “முடிஞ்சா என் சம்சாரத்தையும் ஒரு தடவ பாருங்க.”

“ஆபீஸ் போறவருக்கு வீட்டுல எதுக்கு இது?” என்று கேட்டார் சாரம்மாள்.

“ராத்திரி கொஞ்சம் வேலை இருக்கும். அப்பா தூக்கம் கெடக்கூடாதுன்னு...”

“மாமாவுக்காகத்தான் மேடம் இவ்வளவு மெனக்கெட்டாங்க” என்றாள் பியூலா. கிங்ஸ்லி தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சாரம்மாள் கவனித்துக்கொண்டார்.

“போட்டுக் காட்டுங்க தம்பி.”

“எதுக்கு மேடம்? செவ்வாய்க்கிழமைக்குப் பொறவு நான் இதத் தொடவே இல்ல.”

“அதனாலதான் கேக்குதேன். நல்லாப் பாரமான வேலையாக் குடுங்க. ஓடட்டும்.”

கிங்ஸ்லி பித்தானை அழுத்தினான். திரை வெளிச்சமானது. அதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. சதாம் காதைப் பெட்டியோடு ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஓடுது, இல்லன்னா என் காது போச்சு” என்றான்.

காத்திருந்தார்கள். சாரம்மாள் ஜன்னலைச் சாத்தினார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அறை மெல்லப் புழுங்க ஆரம்பித்தது.

சட்டென்று பியூலா வாசல் பக்கம் திரும்பினாள். “மாமா!” என்றாள்.

வாசலில் யாரும் இல்லை. ஆனால் அவள் ஏன் திரும்பினாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கிராம்பும் யூக்கலிப்டசும் கலந்த தைலத்தின் வாடை அறை முழுக்கப் பரவியிருந்தது. தானியேல் பக்கத்தில் வந்து நின்றால் வரும் அதே வாடை.

சாரம்மாள் பெட்டியின் முன்னால் குனிந்தார். மேல்தட்டை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்த்தார். கறுப்பு உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு முழுக் கை. ஐந்து விரலும் விரிந்து, அழுத்தி வைத்த கை.

“வந்ததே இல்லன்னு சொன்னீங்க.”

“நான் ஆபீஸ்ல இருக்கும்போது வந்திருப்பாவ.”

“இருக்கும். ஏலே சதாம், உள்ள வர முன்னாடி தெருமுனைக்குப் போனியே, என்ன சொன்னாவ?”

சதாம் தொண்டையைச் செருமினான். “இஸ்திரிக் கடைக்காரம்மா சாருக்கு நன்றி சொல்லச் சொன்னாவ. சார் தெனமும் காலையில பைக்கை அவங்க கடையோரத்துல நிறுத்தினா சாயங்காலம்தான் எடுப்பாராம். அந்த நிழல்லதான் அவங்க நாய் படுத்துக்கிடுமாம். செவ்வாய்க்கிழமையும் நாய்க்கு நல்ல தூக்கமாம்.”

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன சதாமும் சிரிக்கவில்லை.

பியூலா கணவனையே பார்த்தாள். “அப்போ நீங்க... வீட்டுக்குள்ளேயா இருந்தீங்க?”

கிங்ஸ்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“வண்ணார்பேட்டையில ஆபீஸ்னு சொன்னேன்லா, அப்படி ஒண்ணு கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி வேலை, வீட்டுல இருந்தே பாக்கது. காலையில அப்பாகிட்ட ‘போயிட்டு வாரேன்’னு சொல்லி பைக்க எடுப்பேன். தெருமுனையில விட்டுட்டு, சந்து வழியா இந்தக் கதவைத் திறந்து வந்து உக்காந்துருவேன். மீட்டிங்ல கூட குசுகுசுன்னு தாழத்தான் பேசுவேன்.”

“எதுக்கு?”

“பழைய கம்ப்யூட்டர் இரைச்சல் கேட்டா நான் இருக்கேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுரும். ‘ஏலே இருக்கியா, ஏலே இருக்கியா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாவ. வெளிநாட்டுக்காரன் மீட்டிங்ல ‘அங்க யாரு கத்துதா’ன்னு கேப்பான். ஒரு வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்கு அனுப்பிருவோம்னு சொல்லிட்டாங்க. அதான்...” அவன் பெட்டியைப் பார்த்தான். “அப்பா தூக்கத்துக்காக இல்ல. நான் உள்ள இருக்குதது அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இதச் செஞ்சேன்.”

பியூலா சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை?” என்றார் சாரம்மாள். குரலில் அதட்டல் இல்லை.

“மத்தியானம் அப்பா கதவைத் திறந்து உள்ள வந்துட்டாவ. மேசையத் தடவிக்கிட்டே வந்தாவ. நான் இந்த நாற்காலியிலதான் இருந்தேன். கைய நீட்டினாத் தொட்டிருப்பாவ. ‘கிங்ஸ்லி’ன்னு கூப்பிட்டாவ. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். பெட்டி மேல கைய வச்சு அப்படியே கொஞ்ச நேரம் நின்னாவ. பொறவு ‘சரி, யாரும் இல்ல போலிருக்கு’ன்னு சத்தமாச் சொல்லிட்டு, கதவைப் பைய சாத்திட்டுப் போயிட்டாவ.” அவன் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தான். “நல்லவேளை, கண்டுபிடிக்கலன்னு நினைச்சேன். சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்தேன் மேடம்.”

சாரம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தார். அவன் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

“சுடுதா?”

“ஆமா.”

“அன்னைக்கும் சுட்டிருக்கும். சத்தத்த எடுத்துட்டீங்க தம்பி, சூட்டை என்ன செய்வீங்க? அதத்தான் தகட்டுக்குக் கொண்டு வந்து வெளிய வச்சிருக்கீங்களே. காலமெல்லாம் இஞ்சின் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டுன மனுசன் அவிய. வண்டி ஓடுதா நிக்குதான்னு தொட்டாத் தெரியாதா?”

“நான் ஆஃப் பண்ணாமப் போயிட்டேன்னு நினைச்சிருக்கலாம்லா?” அவன் குரல் கெஞ்சியது.

“அப்படி நினைச்சவிய, யாரும் இல்லன்னு எதுக்குச் சத்தமாச் சொல்லணும்? ஆளில்லாத ரூம்ல யாருகிட்டச் சொன்னாவ?”

கிங்ஸ்லி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். பியூலா நடந்து வந்து சுவர் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது. “எல்லாரும் ஆத்துல தேடுதோம்” என்றாள். “மாமா தவறி விழுந்துட்டாவளோன்னு நான் மூணு நாளா ஜெபம் பண்ணுதேன். நீங்க என் பக்கத்துல முழங்கால்படியிட்டீங்களே.”

அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை.

*

“கண்ணு தெரியாதவரு எங்க போவாரு அக்கா?” பைக்கை உதைத்தபடி கேட்டான் சதாம்.

“வீடு வேண்டாம்னு நினைக்கிற பஸ் டிரைவர் எங்கலே போவாரு?”

கிங்ஸ்லி தன் பைக்கில் பின்னால் வந்தான். புதிய பஸ் நிலையத்தில் அவர்கள் அதிக நேரம் அலையவில்லை. புறப்பட நின்ற பஸ் டிரைவர்களிடம் சதாம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “சமீபத்துல உங்களுக்கு யாராவது வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்களா அண்ணாச்சி?”

நாலைந்து பேர் முறைத்தார்கள். ஏரல் பஸ் டிரைவர் ஜாபேஸ் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவரா? அவர எங்கிருந்துவே பிடிச்சீங்க? எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து வழி பூராவும் பாடம். ‘ஏலே, ஸ்ரீவைகுண்டம் பாலத்துல எதுக்குக் கியரை மாத்துத?’ங்காரு. கண்ணு தெரியாத ஆளுக்குப் பாலம் எப்படித் தெரிஞ்சுதுன்னு திரும்பிப் பாத்துட்டேன்.”

“வாட்ஸ்அப்புல போட்டோ பாக்கலையா நீங்க?” என்றார் சாரம்மாள்.

அவர் காட்டிய படத்தை ஜாபேஸ் உற்றுப் பார்த்தார். “இவரா அவரு? கண்ணாடியே இல்லியே. இதுல ஜம்முன்னு கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்காரு.”

பின்னால் நின்ற கிங்ஸ்லி தலையைக் குனிந்தான். அது அவன் கல்யாணத்தில் எடுத்த படம். கண் போன பிறகு அப்பாவை அவன் ஒரு போட்டோ கூட எடுத்திருக்கவில்லை.

“எங்க இறங்கினாரு?”

“ஏரல்ல. கண்டக்டர் மைதீன் வீட்டுக்குப் போறேன்னாரு.”

“முகம்மது மைதீன் மாமா” என்றான் கிங்ஸ்லி மெதுவாக. “அப்பாகூட ஒரே பஸ்ல இருந்தவங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது வீட்டுக்கு வருவாங்க. நம்பர் கூட என்கிட்ட இல்ல.”

பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பியூலாவும் வந்து சேர்ந்தாள். ஜாபேஸின் பஸ்ஸிலேயே போனார்கள். பியூலா முன்னால் பெண்கள் சீட்டில் சாரம்மாளோடு உட்கார்ந்தாள். கிங்ஸ்லி கடைசி வரிசையில். ஸ்ரீவைகுண்டம் பாலம் வந்தபோது ஜாபேஸ் கியரில் கையே வைக்காமல் ஓட்டினார்.

*

ஏரல் பஜாரை ஒட்டிய சந்தில் அந்த வீடு. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த முகம்மது மைதீன், கிங்ஸ்லியைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தார்.

“சத்தியம் வாங்கிட்டாரும்மா” என்றார் சாரம்மாளிடம். “பத்து நாள் போகட்டும், பொறவு நானே சொல்லுதேன்னாரு. வாட்ஸ்அப்புல படம் வந்ததுல இருந்து எனக்கு உறக்கமே இல்ல. ஒரு போன் அடிச்சிருக்கணும். அடிக்கல. குத்தம் என் மேலயும் இருக்கு.”

நடு அறையில் ஒரு மர நாற்காலியில் தானியேல் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, மடியில் ரேடியோ. பக்கத்து நாற்காலியில் அவருடைய துணிப்பை. பியூலா ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து கையைப் பற்றிக்கொண்டாள்.

“அழாதே தாயி” என்றார் அவர். “உன்னைப் பயமுறுத்தணும்னு நினைக்கல. அவனும் வந்திருக்கானா?”

கிங்ஸ்லி உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே, “அப்பா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தான்.

“தெரியும்லே. நீ அதச் சொல்ல வேண்டாம்.” தானியேல் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே பேசினார். “உன் மேல கோவிச்சுக்கிட்டு நான் வரல. நீ மீட்டிங்ல இருக்கேன்னு தெரிஞ்சே நான் கூப்பிட்டிருக்கேன். பகல்ல வீடு கம்முன்னு இருந்தா எனக்குப் பயமாருக்கும். ‘இருக்கேம்ப்பா’ன்னு நீ சொன்னாத்தான் மனசு அடங்கும். அதுக்காக உன் பிழைப்புல கை வச்சிருக்கேன்னு அந்த ரூம்ல நிக்கும்போதுதான் உறைச்சுது. பெத்த அப்பனுக்குப் பயந்து புள்ள மூச்சடக்கி உக்காந்திருக்கான். மீட்டிங்குக்கு நடுவுல மறுபடியும் வந்து நிக்கேனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் கிளம்பிட்டேன்.”

சாரம்மாள் கிங்ஸ்லியின் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு ஒரு வழி திறந்திருந்தது. அப்பாவே திறந்துவிட்டிருந்தார். தலையாட்டினால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

“அன்னைக்கு மீட்டிங் இல்லப்பா” என்றான் கிங்ஸ்லி.

ரேடியோவைத் திருகிய விரல்கள் நின்றன.

“ஒரு போன்கால் கூட இல்ல. சும்மாதான் இருந்தேன். பதில் சொல்லியிருக்கலாம். சொன்னா உக்காந்து பேசணும். அதுக்குச் சோம்பி... பேசாம இருந்துட்டேன்.”

சமையலறையில் மைதீனின் மனைவி அலிமா பீவி கிரைண்டரை நிறுத்தினாள். எதிர்வீட்டு ஆணிச் சத்தம் மட்டும் கேட்டது.

தானியேல், “இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்லே” என்றார்.

“சொல்லாம இருந்துதாம்ப்பா இவ்வளவும்.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பார்வைக்குப் பயன்படாத கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்தார்.

“நான் இன்னைக்கு வரல பியூலா” என்றார் கடைசியில். “இவ்வளவு நேரம் கோவம் இல்ல. இப்பதான் வருது. அதோட வீட்டுக்கு வந்தா நல்லாருக்காது. பைய ஆறட்டும். ஞாயித்துக்கிழமை நம்ம சபைக் கோயிலுக்கு வாரேன், ஆராதனை முடிஞ்சு இங்கனயே திரும்பிருவேன்.”

“நான் இப்பக் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமாப்பா?” என்றான் கிங்ஸ்லி.

தானியேல் பக்கத்து நாற்காலியைத் தடவி, துணிப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கிங்ஸ்லி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

சாரம்மாள் சதாமின் தோளைத் தொட்டு வெளியே நடத்தினார். சந்து முனையில் நின்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஆள் கிடைத்துவிட்டார், நலமாக இருக்கிறார், சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தார் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

“பாதிய முழுங்கிட்டீங்களே அக்கா” என்றான் சதாம்.

“மீதி நாம சொல்லுததுக்கு இல்லலே.”

சதாம் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். பிறகு செல்போனை எடுத்து மேலப்பாளையத்தில் இருக்கும் தன் தகப்பனாரைக் கூப்பிட்டான். என்ன விசேஷம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “ஒண்ணுமில்ல வாப்பா, சும்மாத்தான்” என்றான்.

சொன்னபடியே தானியேல் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார், ஆராதனை முடிந்ததும் ஏரல் பஸ் ஏறினார். கிங்ஸ்லி கூடவே போய் மைதீன் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினான். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பஸ்ஸில் இருவரும் முதலில் பேசிக்கொள்ளவில்லை. போகப்போக வண்டியைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசினார்கள். மாடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கிங்ஸ்லி கீழே கொண்டு வந்து, அதிலேயே வேலை பார்த்தான். அவனும் பியூலாவும் ஒரே தட்டில் இருந்து பழம் எடுத்துச் சாப்பிட, அப்பா அவனிடம் பேச ஆனதைவிட அதிக நாள் ஆயிற்று.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டதும் கிங்ஸ்லி வழக்கம்போல பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பினான். தானியேல் திரும்பவில்லை. மகனின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போவோம்லே, வெயில் ஏறுது” என்றார்.